நாவலின் முன்கதையைப் புரட்டித் தள்ளும் வாசகர்கள்: தப்பு யார் மேல்?

நாவலைக் கையில் எடுத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, ‘1’ என்று எண் போட்ட அத்தியாயத்தைத் தேடுவதுதான். அதுக்கு முன்னால் இருக்கும் பக்கங்கள் கட்டைவிரலுக்கு அடியில் சரசரவென்று ஓடிவிடும். கடைசியிலும் இதே கதைதான். நாயகனுக்கு ஒரு முடிவு தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். “பின்னாடி இன்னும் பத்துப் பக்கம் இருக்கே?” என்று யாராவது கேட்டால், “அது சும்மா ஏதோ முடிவுரைப்பா” என்று பதில் வரும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். ஆனால் கொஞ்சம் யோசித்தால், வாசகருக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததே புத்தகங்கள்தான் என்பது புரியும். தப்பு பெரும்பாலும் வாசகர் மேல் இல்லை. ஆனால் நஷ்டம் மட்டும் அவருக்குத்தான்.

முன்னுரை வேறு, முன்கதை வேறு

தமிழ் நாவல் ஒன்றைப் பிரித்தால் பதிப்புரை இருக்கும், அணிந்துரை இருக்கும், சில சமயம் வாழ்த்துரையும் இருக்கும். அப்புறம் ஆசிரியரின் என்னுரை, அதன் கடைசியில் நன்றிப் பட்டியல். இவை எல்லாம் கதைக்கு வெளியே நிற்பவை. படிக்காவிட்டாலும் கதையில் ஒரு வரிகூடக் குறையாது.

‘புரோலாக்’, ‘எபிலாக்’ என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுபவை வேறு சாதி. முன்கதை, பின்கதை என்று தமிழில் சொல்லலாம். இவை கதைக்குள்ளேயே இருப்பவை. முதல் அத்தியாயத்துக்கு முன்னால் அல்லது கடைசி அத்தியாயத்துக்குப் பின்னால், வேறொரு காலத்தில், வேறொருவர் பார்வையில் நடக்கும் பகுதிகள்.

வித்தியாசம் சினிமா தியேட்டரில் இன்னும் பளிச்சென்று தெரியும். சென்சார் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கைப் படம், நன்றி கார்டு இதெல்லாம் அணிந்துரை மாதிரி. பாப்கார்ன் வாங்கிக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் டைட்டில் போடுவதற்கு முன்பு ஐந்து நிமிடம் ஒரு காட்சி வருமே, அதைத் தவறவிட்டவர் இடைவேளை வரை பக்கத்து சீட்டுக்காரரிடம் “யாருங்க இந்த ஆளு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முன்கதை அந்த ஐந்து நிமிடம்.

சிக்கல் என்னவென்றால், புத்தகத்தில் இந்த இரண்டும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி தலைப்போடு அடுத்தடுத்து நிற்கின்றன. அணிந்துரையைத் தள்ளிப் பழகிய விரல், அதே வேகத்தில் முன்கதையையும் தள்ளிவிடுகிறது.

ஏன் தாண்டுகிறார்கள்?

பழக்கம் முதல் காரணம். இரண்டாவது காரணம், மோசமான முன்கதைகள். திரில்லர் நாவல்களில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. பெயரில்லாத ஒருவன் இருட்டில் ஒரு கொலை செய்வான், அதைச் சாய்வெழுத்தில் மூன்று பக்கத்துக்கு அச்சடித்திருப்பார்கள். பக்கத்தைத் திருப்பினால் ‘ஆறு மாதங்களுக்கு முன்பு’ என்று முதல் அத்தியாயம் மந்தமாகத் தொடங்கும். முதல் அத்தியாயத்தில் விறுவிறுப்பு இல்லை என்று எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது, அதுக்காக முன்னால் ஒரு தூண்டிலைப் போட்டிருக்கிறார். நாலு தடவை ஏமாந்த வாசகர் ஐந்தாவது தடவை நேரே அத்தியாயத்துக்குப் போய்விடுவார். கற்பனை நாவல்களில் இன்னொரு வகை உண்டு. ராஜ்ஜியம், வம்சம், பழைய போர் என்று பாடப்புத்தகம் மாதிரி வரலாறு சொல்லிவிட்டுத்தான் கதைக்கு வருவார்கள்.

அமெரிக்கக் குற்றக்கதை எழுத்தாளர் எல்மோர் லியோனார்ட், 2001-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதுவதற்கான பத்து விதிகளை வெளியிட்டார். அதில் இரண்டாவது விதியே முன்கதையைத் தவிர் என்பதுதான். நாவலில் முன்கதை என்பது பழைய சங்கதி, அதைக் கதைக்குள் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். சுவாரசியம் என்னவென்றால், அதே இடத்தில் அவரே ஒரு விலக்கும் கொடுக்கிறார். ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஸ்வீட் தர்ஸ்டே’ (1954) நாவலில் முன்கதை இருக்கிறது, ஆனால் அது பரவாயில்லை என்கிறார். ஆக, விதி போட்டவருக்கே நல்ல முன்கதை பிடித்துத்தான் இருந்திருக்கிறது.

மூன்றாவது காரணம் புதுசு. கிண்டில் போன்ற கருவிகளில் ஒரு மின்னூலை முதன்முறை திறந்தால், அது எப்போதும் அட்டையிலிருந்து தொடங்குவதில்லை. ‘இங்கிருந்து படிக்கலாம்’ என்று குறிக்கப்பட்ட பக்கத்தில் கொண்டுபோய் விடும். அந்தக் குறி முதல் அத்தியாயத்தில் இருந்தால், முன்னால் ஒரு முன்கதை இருப்பதே வாசகருக்குத் தெரியாது. இங்கே அவர் தாண்டவில்லை, கருவி அவரைத் தூக்கித் தாண்ட வைத்திருக்கிறது.

பெயரை நம்பினால் ஏமாற்றம்

சரி, தாண்டினால் அப்படி என்னதான் போய்விடும்? விளாதிமிர் நபகோவின் ‘லோலிதா’ (1955) நல்ல உதாரணம். சிறுமி ஒருத்தியைச் சீரழித்த ஹம்பர்ட் என்பவன் சிறையில் இருந்து எழுதிய வாக்குமூலமாக நாவல் வருகிறது. அதற்கு முன்னால் ஜான் ரே என்ற முனைவர் எழுதிய ‘முன்னுரை’ இருக்கிறது. பெயரைப் பார்த்ததும், யாரோ பேராசிரியர் ஏதோ எழுதியிருக்கிறார் என்று நகர்ந்துவிடத் தோன்றும். ஆனால் ஜான் ரே என்று ஒருவர் கிடையாது. அவரும் நபகோவ் உருவாக்கிய பாத்திரம்தான்.

அந்த முன்னுரையில், பலருக்கு என்ன ஆயிற்று என்ற விவரங்களுக்கு நடுவே, திருமதி ரிச்சர்ட் ஷில்லர் என்ற பெண் 1952-ல் பிரசவத்தில் இறந்துபோன செய்தி ஒரு வரியாக வருகிறது. படிக்கும்போது அது யார் என்றே தெரியாது. நாவலின் கடைசிப் பகுதியில்தான் அந்தச் சிறுமி வளர்ந்து, திருமணமாகி, அந்தப் பெயரைப் பெற்றிருப்பது தெரியவரும். முன்னுரையைப் படித்தவருக்கு அந்த இடத்தில் நெஞ்சில் ஒரு அடி விழும். அவள் செத்துப்போனாள் என்பதைக் கதை ஆரம்பிக்கும் முன்பே சொல்லியாகிவிட்டதே! படிக்காதவர், அவள் எங்கோ நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே புத்தகத்தை மூடுவார். ஒரே நாவல், இரண்டு வேறு முடிவுகள்.

இன்னொரு உதாரணம் தமிழ் வாசகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யான் மார்ட்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ (2001) நாவலின் தொடக்கத்தில் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று சில பக்கங்கள் உண்டு. எழுதிக்கொண்டிருந்த நாவல் கைகொடுக்காமல் ஓர் எழுத்தாளர் புதுச்சேரிக்கு வருகிறார். அங்கே காபி ஹவுஸில் ஒரு பெரியவர் அவரிடம் பேச்சுக் கொடுத்து, பை என்பவரைத் தேடிப் போகச் சொல்கிறார். தலைப்பு ஆசிரியர் குறிப்பு என்றாலும், இது பாதி உண்மை, பாதி கற்பனை. எந்தக் கதையை நம்புவது என்று கடைசியில் வாசகரை நிற்க வைக்கப்போகும் நாவல், முதல் பக்கத்திலேயே அந்த விளையாட்டைத் தொடங்கிவிடுகிறது. குறிப்புதானே என்று தாண்டியவருக்கு விளையாட்டின் முதல் ஆட்டம் போச்சு.

நல்ல முன்கதை என்ன செய்யும் என்பதற்கு ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ (1996) போதும். வடக்கே பனிச்சுவருக்கு அப்பால் சென்ற மூன்று காவலர்கள், மனிதர் அல்லாத ஒன்றைச் சந்திக்கிறார்கள். அத்தோடு அந்த முன்கதை முடிந்துவிடும். அப்புறம் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அரியணைச் சண்டைதான். ஆனால் முன்கதையைப் படித்தவருக்கு அந்தச் சண்டை வேறு மாதிரி தெரியும். கூரையில் நெருப்புப் பிடித்திருக்கும்போது, கீழே அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு அடித்துக்கொள்கிற மாதிரி. 2011-ல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோதும், டைட்டிலுக்கு முன்பாகவே அந்தக் காட்சியை வைத்தார்கள்.

கடைசிப் பக்கங்கள் கதையையே திருப்பினால்?

பின்கதைகளின் நிலைமை இன்னும் பரிதாபம். முன்கதையைத் தாண்டியவர் பாதியில் குழப்பம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்ப்பார். பின்கதையைத் தாண்டியவர் திரும்பி வருவதற்குக் காரணமே இல்லை. அவரைப் பொறுத்தவரை கதை முடிந்துவிட்டது.

மார்கரெட் ஆட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) கிலியட் என்ற கொடுங்கோல் அரசில் சிக்கிய ஒரு பெண்ணின் கதை. கடைசி அத்தியாயத்தில் அவள் ஒரு வண்டியில் ஏறுகிறாள். அது விடுதலைக்கா, தண்டனைக்கா என்று தெரியாது. அதற்குப் பிறகு ‘வரலாற்றுக் குறிப்புகள்’ என்று ஒரு பகுதி வருகிறது. பாட நூலின் பிற்சேர்க்கை மாதிரித் தலைப்பு. உண்மையில் அது 2195-ல் நடக்கும் ஒரு கற்பனைக் கருத்தரங்கு. கிலியட் என்றோ ஒழிந்துவிட்டது. அந்தப் பெண் பேசிவைத்த கேசட்டுகளைக் கண்டெடுத்து, வரிசைப்படுத்தி, எழுத்தாக்கியவர்கள் இரண்டு பேராசிரியர்கள். வரிசைகூட அவர்களின் ஊகம்தான். மேடையில் பேசும் பேராசிரியர் அவள் துயரத்தின் மேல் நின்று ஜோக் அடிக்கிறார், அரங்கம் சிரிக்கிறது. கொடுமை முடிந்த பிறகும் அவள் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால் இந்த நாவல் பாதிதான்.

ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ (1949) நாவலின் கடைசியில், அந்த அரசு உருவாக்கிய மொழியைப் பற்றி ஓர் இணைப்பு இருக்கிறது. இலக்கணக் கட்டுரை போலத் தெரியும். ஆனால் அது முழுக்க இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த ஆட்சி ஒழிந்த பிறகு யாரோ எழுதியது அது என்று வாதிடுபவர்கள் உண்டு, ஆட்வுட்டும் அவர்களில் ஒருவர். அமெரிக்காவில் ஒரு பெரிய புத்தகக் கழகம் அந்த இணைப்பையும் இன்னொரு நீண்ட பகுதியையும் வெட்டச் சொன்னபோது ஆர்வெல் மறுத்துவிட்டார். பணம் வரும் வாய்ப்பைப் பணயம் வைத்து மறுத்தார் என்றால், அந்தப் பக்கங்கள் அவருக்கு வெறும் ஒட்டுத்துணி இல்லை.

எல்லோரும் அப்படி மறுக்க முடிந்ததில்லை. ஆந்தனி பர்ஜெஸின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ (1962) பிரிட்டிஷ் பதிப்பில் 21 அத்தியாயங்கள். கடைசி அத்தியாயம் பின்கதை மாதிரி. வன்முறையில் ஊறிய இளைஞனுக்கு அதன் மேல் சலிப்பு வந்து, குடும்பம், குழந்தை என்று யோசிக்கத் தொடங்குகிறான். அமெரிக்கப் பதிப்பில் அந்த அத்தியாயம் இல்லை. 1986 வரைக்கும் இல்லை. ஸ்டான்லி குப்ரிக் 1971-ல் எடுத்த படமும் அந்தக் குறைந்த வடிவத்தைத்தான் பின்பற்றியது. மனிதன் மாறுவான் என்று எழுதிய நாவலை, மனிதன் மாறமாட்டான் என்ற நாவலாக இரண்டு தலைமுறை அமெரிக்கர்கள் படித்திருக்கிறார்கள். கடைசிப் பக்கங்களைத் தாண்டும் ஒவ்வொரு வாசகரும், தன் கைப்பிரதிக்கு அந்தப் பதிப்பாளர் செய்ததையே செய்கிறார்.

எல்லாப் பின்கதையும் தேவைதானா?

இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலுக்கு இரண்டு பகுதிகளாகப் பின்கதை உண்டு. முதல் பகுதியில் 16 அத்தியாயங்கள். நத்தாஷாவும் பியரும் மற்றவர்களும் குடும்பமாக எப்படி வாழ்கிறார்கள் என்று சொல்பவை. இரண்டாம் பகுதியில் 12 அத்தியாயங்கள். அதில் பாத்திரங்களே இல்லை, வரலாற்றை இயக்குவது எது என்ற தத்துவ விசாரணைதான். இத்தனை பெரிய நாவலைப் படித்து முடித்த வாசகர் அந்த 12 அத்தியாயங்களுக்கு முன்னால் மூச்சு வாங்கி நின்றால் அவரைக் குறைசொல்ல முடியாது. டால்ஸ்டாயே 1873 பதிப்பில் இந்த மாதிரிக் கட்டுரைப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்துக் கடைசியில் இணைப்பாக வைத்துப் பார்த்தார்.

தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) காவல் நிலையத்தில் ரஸ்கோல்நிகோவ் குற்றத்தை ஒப்புக்கொள்வதோடு முடிந்திருக்கலாம், சைபீரியச் சிறையில் அவன் மனம் திரும்பும் பின்கதை ஒட்டவைத்தது போல இருக்கிறது என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. அது இல்லாமல் தலைப்பில் உள்ள ‘தண்டனை’ முழுமையாகாது என்பவர்களும் உண்டு. ‘ஹாரி பாட்டர்’ வரிசையின் ஏழாவது புத்தகத்தில் (2007) வரும் ‘19 ஆண்டுகளுக்குப் பிறகு’ என்ற பின்கதையும் அப்படித்தான். எல்லோருக்கும் கல்யாணம், குழந்தைகள், சுபம் என்று முடிப்பது பழைய சினிமா மாதிரி இருக்கிறது என்று ஒரு கூட்டம். போரில் அடிபட்ட பிள்ளைகள் நிம்மதியாக இருப்பதைப் பார்க்காமல் எப்படிப் புத்தகத்தை மூடுவது என்று இன்னொரு கூட்டம். 2016-ல் வந்த ‘கர்ஸ்டு சைல்டு’ நாடகம் தொடங்குவதே அந்த ரயில் நிலையக் காட்சியில் இருந்துதான்.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று. இப்படி வாதிடுபவர்கள் எல்லோருமே அந்தப் பக்கங்களைப் படித்தவர்கள். படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்வது வாசகரின் உரிமை. படிக்காமலே, அது தேவையில்லை என்பது கேள்விப்பட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிற மாதிரி.

பாயிரம் கேட்ட மொழி

தமிழுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. பவணந்தி முனிவரின் ‘நன்னூல்’ பாயிரத்துக்கு என்றே விரிவாக இலக்கணம் சொல்கிறது. எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே அல்ல என்ற அளவுக்குப் போகிறது. நூலை எழுதியவர் யார், எதைப் பற்றியது, யார் கேட்பது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது படிப்பவருக்குச் செய்யும் மரியாதை என்பது அன்றைய எண்ணம்.

சிலப்பதிகாரத்தின் பதிகம் ஒரு படி மேலே போகிறது. ஒரு முலை இழந்த பெண் வேங்கை மர நிழலில் நின்று விண்ணுலகம் போனதைக் குன்றக் குறவர்கள் இளங்கோவடிகளிடம் வந்து சொல்ல, உடன் இருந்த சாத்தனார் கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் விவரிக்கிறார். ஆக, புகார் நகரத்துக் கல்யாணத்தில் கதை தொடங்கும் முன்பே முடிவு நம் கையில் இருக்கிறது. பதிகம் பின்னால் சேர்க்கப்பட்டது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. யார் சேர்த்திருந்தாலும், முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று அவர் பயப்படவில்லை. என்ன நடந்தது என்பதைவிட, எப்படி நடந்தது என்பதற்காகக் கதை கேட்கிற ஊர் இது. தெருக்கூத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் கர்ணன் பிழைத்துவிடுவானோ என்று பார்க்கவா உட்கார்ந்திருக்கிறார்கள்?

முடிவுரைக்கும் தமிழில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்து முடிந்தபோது, சட்டென்று நிறுத்திவிட்டாரே என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். பாத்திரங்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி அதற்கு விளக்கம் சொன்னார். அது கதைக்கு வெளியே நின்று ஆசிரியர் பேசும் பகுதிதான். ஆனாலும் அது புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் கேட்டது வாசகர்கள். ஜெயகாந்தனின் முன்னுரைகளும் அப்படித்தான். கதையைவிட முன்னுரைக்காகவே புத்தகத்தைப் பிரித்தவர்கள் இருந்தார்கள். தனக்குச் சொல்ல வேண்டியது அதில் இருக்கிறது என்று தெரிந்தால், வாசகர் எந்தப் பக்கத்தையும் தாண்டுவதில்லை.

என்ன செய்யலாம்?

எழுதுபவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். முன்கதையை எடுத்துவிட்டு நாவலைப் படித்தால் அதன் அர்த்தம் மாறுகிறதா? மாறவில்லை என்றால் அது தூண்டில்தான், வெட்டிவிடலாம். மாறுகிறது என்றால், அதற்கு ‘முன்னுரை’ என்றோ ‘குறிப்பு’ என்றோ பெயர் வைப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். நபகோவ் மாதிரி ஏமாற்றுவதற்காகவே வைத்தால் சரி. இல்லாவிட்டால் தைரியமாக ‘1’ என்று எண் போட்டுவிடலாம்.

பதிப்பாளர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அணிந்துரைகளையும் நன்றிகளையும் புத்தகத்தின் பின்பக்கத்துக்குத் தள்ளினால், அட்டையைத் திறந்ததும் கதை நிற்கும். மின்னூலாக்கும்போது தொடக்கக் குறியை முன்கதையில் வைத்தால், கருவியும் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

வாசகருக்குச் சட்டம் எதுவும் போட முடியாது. அவர் காசு, அவர் நேரம். முன்கதையின் முதல் பக்கத்தை மட்டும் படித்துப் பார்த்து, யார் பேசுகிறார்கள் என்று கவனித்தால் போதும். பதிப்பாளரோ நண்பரோ பேசினால் தாராளமாகப் புரட்டலாம். கதைக்குள் இருக்கும் யாரோ பேசினால், கதை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.